வெள்ளை வயர்

எங்கள் குடும்பத்தில் பாகம் பிரித்தபோது ஒரு குறையும் வைக்காமல் பிரித்தார்கள் என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். என் நைனாவும் பெரியப்பாவும் உடன்பிறந்தவர்கள் இரண்டே பேர். நடுவில் உட்கார்ந்து பேசி முடித்த நாலு பெரியவர்களும் நியாயம் தெரிந்தவர்கள். கழனி ஆளுக்குப் பாதி. கிணற்றுக்கு முறை, ஒரு நாள் அவர், ஒரு நாள் இவர். புளியமரத்தில் கிழக்குப் பக்கத்துக் கிளைகள் பெரியப்பாவுக்கு, மேற்குப் பக்கத்துக் கிளைகள் நைனாவுக்கு. குத்துவிளக்கு இரண்டு, ஆளுக்கு ஒன்று. உழவு மாடு இரண்டு, ஆளுக்கு ஒன்று. அதற்குப் பிறகு இரண்டு பேருமே டிராக்டர் வாடகைக்கு வைத்துத்தான் உழுதார்கள். ஆட்டுக்கல்லை ஒருவருக்கும் குழவியை ஒருவருக்கும் என்று மட்டும் கொடுக்கவில்லை. ஆட்டுக்கல் எப்படி வேலை செய்யும் என்று அந்தப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஸ்டீரியோ செட் எப்படி வேலை செய்யும் என்று தெரியாது.

அந்த செட் இப்போது என் வீட்டில் இருக்கிறது. வருகிற நண்பர்கள் அதைப் பார்த்துவிட்டு செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வருகிறார்கள். எந்த வருஷத்தது, எங்கே கிடைத்தது, விற்பாயா என்று கேட்கிறார்கள். மரப்பெட்டியைத் தடவிப் பார்க்கிறார்கள். இதெல்லாம் ஒரே இடத்தில் ஒன்றாக இருப்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு இன்னமும் அதுதான் பெரிய விஷயம்.

இருவருக்கும் கல்யாணம் ஆவதற்கு முன்னால், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை நன்றாக விளைந்த ஒரு வருஷம், நைனாவும் பெரியப்பாவும் சேர்ந்து பட்டணம் போய் வாங்கி வந்தது அது. தட்டு சுற்றுகிற ரெக்கார்டு பிளேயர், கண்ணாடிக்குள் சத்தத்துக்கு ஏற்ப ஆடுகிற இரண்டு முள் வைத்த ஆம்ப்ளிஃபயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், அப்புறம் ஒரு சாக்கு நிறைய ரெக்கார்டுகள். காஞ்சிபுரத்தில் பஸ் மாறி, அங்கிருந்து பஸ் கூரை மேல் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். பெட்டி உருண்டு விழுந்துவிடும் என்று இருவரும் கூரை மேலேயே உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள் என்று பெரியம்மா சொல்வாள். அவளும் அதைப் பார்த்ததில்லை, கேட்டதுதான்.

பெரியவர்கள் அதையும் நியாயமாகப் பிரித்தார்கள். பெட்டி இரண்டு, ஆளுக்கு ஒன்று. ஆம்ப்ளிஃபயர் மூத்தவருக்கு. பிளேயர் இளையவருக்கு. ரெக்கார்டில் எண்ணி ஆளுக்குப் பாதி. பிரித்து முடித்துக் காப்பி குடித்துவிட்டு அவர்கள் கிளம்பிப் போனார்கள். அன்றைக்கு வரை அந்த வீட்டில் பாடிக்கொண்டிருந்த ஒரு செட், யார் வீட்டிலும் பாட முடியாதபடி ஆகிவிட்டது என்பதை அங்கிருந்த ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பிறகு நடுக்கூடத்தில் ஒரு சுவர் எழுந்தது. அது உத்திரம் வரைக்கும்தான் போனது. அதற்கு மேல் ஓடு வரை ஒரு ஆள் குனிந்து உட்காரும் அளவுக்கு இடைவெளி. செங்கல் தீர்ந்துவிட்டது என்று இந்தப் பக்கமும், கொத்தனார் வேண்டாம் என்றார் என்று அந்தப் பக்கமும் காரணம் சொன்னார்கள். எதற்காகப் பிரிந்தார்கள் என்பதற்கும் அப்படியே இரண்டு கதை இருந்தது. இரண்டும் எனக்கு மனப்பாடம். ஒன்றோடு ஒன்று ஒட்டவே ஒட்டாது. அந்த இடைவெளி வழியாகப் பெரியம்மா வீட்டுக் கருவாட்டு வாசனை எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் பூனை அவர்கள் வீட்டுக்குப் போகும். அம்மாவும் பெரியம்மாவும் கிணற்றடியில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பெரியப்பா மகளான அக்கா, என்னைவிட எட்டு வயது மூத்தவள், பாதி நேரம் எங்கள் அடுப்படியில்தான் இருப்பாள். பேச்சு நின்று போனது அந்த இரண்டு ஆண்களுக்கு நடுவில் மட்டும்தான். நான் பிறக்கும்போதே அது அப்படித்தான் இருந்தது என்பதால், அது ஏதோ கிழக்கு மேற்கு மாதிரி உலகத்தில் உள்ள ஒரு ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாடாத பிளேயரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பார் நைனா? அம்மாவின் சீர்வரிசையில் வந்த பழைய ரேடியோ ஒன்று இருந்தது. பிளேயரின் வயரை அந்த ரேடியோவின் முதுகில் செருகி, ரேடியோவிலிருந்து எங்கள் பங்குப் பெட்டிக்கு இன்னொரு வயர் கொடுத்து, எப்படியோ பாட வைத்துவிட்டார். பிளேயரிலிருந்து இரண்டு வயர் வரும். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. ரேடியோவில் இருந்த ஓட்டை ஒன்றுதான். சிவப்பு உள்ளே போயிற்று. வெள்ளை, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, மேசைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும்.

"நைனா, அந்த வெள்ள வயரு எதுக்கு?"

"அது சும்மா கீது."

ஞாயிற்றுக்கிழமைதோறும் பதினோரு மணிக்குப் பாட்டு. காலையில் கழனிக்குப் போய்விட்டு வந்து, குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு நைனா பிளேயர் முன் உட்காருவார். மற்ற நாட்களில் மண்வெட்டியை எறிகிற எறியில் திண்ணென்று சத்தம் வரும். அதே கைகள் அந்த நேரத்தில் வேறு கைகளாகிவிடும். ரெக்கார்டின் ஓரத்தை மட்டும் இரண்டு உள்ளங்கைகளால் பிடிப்பார். அம்மாவின் பழைய பட்டுப் புடவை முந்தானையில் கிழித்த ஒரு துண்டால், தட்டில் மெல்லிய கோடாக ஓடுகிற பள்ளத்தின் வழியிலேயே சுற்றிச் சுற்றித் துடைப்பார். நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கறுப்புத் தட்டில் ஒரு பெண்ணும் ஏழெட்டு வயலின்களும் இருக்கிறார்கள், முள் பட்டால் எழுந்து வருவார்கள் என்பது எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்தாலும் எனக்குப் பழகவில்லை. முள்ளை இறக்குவதற்கு முன் நைனா ஒரு தரம் பலமாகத் தொண்டையைச் செருமுவார். பாடப்போவது அவர்தான் என்பது போல இருக்கும். பிறகு முள் இறங்கும். மல்லாட்டைத் தொலி நொறுங்குவது போல முதலில் ஒரு சத்தம். அதற்குப் பின்னால் பாட்டு.

ஒரு விஷயம்தான் எனக்குப் பிடிபடவில்லை. பெட்டியை நைனா சுவரைப் பார்த்து வைத்திருந்தார். பெரியப்பா வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்ததே, அந்தச் சுவரைப் பார்த்து. நாங்கள் உட்காருகிற பக்கம் பெட்டியின் முதுகுதான் இருக்கும். திருப்பி வைக்கட்டுமா என்று கேட்டால், "அங்கதான் சவுண்டு நல்லா கீது" என்பார். அம்மா அதைக் கேட்டு எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இருந்த ரெக்கார்டுகளில் எனக்கு ஒரு பாட்டு உயிர். ஓடாத படம் ஒன்றின் பாட்டு அது. படத்தோடு பாட்டும் போய்விட்டது. டிவியில் வராது, ரேடியோவில் வராது, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் போனுக்குப் பாட்டு ஏற்றித் தருகிற கடையில் கேட்டால் அப்படி ஒரு படமே இல்லை என்று சாதித்தார்கள். ஏரி நிரம்பி வழிகிற அன்று ஒரு பெண் கரையில் நின்று பாடுகிற பாட்டு. இரண்டு வரி பாடுவாள். பிறகு நிறுத்திவிடுவாள். எட்டு எண்ணும் நேரம் வரை ஒன்றுமே இருக்காது. தட்டு சுற்றுகிற கரகரப்பு மட்டும். அந்த மௌனத்துக்குள் எங்கிருந்தோ, மிக லேசாக, டொக்... டொக் டொக்... என்று வரும். பிறகு மறுபடியும் அவள் பாடுவாள். எவ்வளவு பெரிய பாட்டுக்காரி, இவ்வளவு நேரம் சும்மா நிற்கிற தைரியம் யாருக்கு வரும் என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பாட்டை அதன் மௌனங்களோடும் டொக்குகளோடும் சேர்த்து மனப்பாடம் செய்திருந்தேன்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் அதைத்தான் பாடினேன். பந்தல் நிறைய ஜனம். இரண்டு வரி பாடினேன். நிறுத்தினேன். மைக் வைத்திருந்த மேசையில் விரலை மடக்கித் தட்டினேன். டொக். டொக் டொக். பாட்டு மறந்துவிட்டது என்று நினைத்து டீச்சர் ஓரத்திலிருந்து பாடு பாடு என்று சைகை காட்டினார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று நான் அவர்களுக்குக் கையைக் காட்டினேன். அதோடு பந்தலில் சிரிப்பு கிளம்பிவிட்டது. நான் விடவில்லை. முழுப் பாட்டையும், ஆறு மௌனங்களையும், ஒன்றுவிடாமல் பாடி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனபோது என் பெயர் டொக்கு ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகை சுவருக்கு மேலேயும் போயிருக்க வேண்டும். அக்கா சுற்றிக்கொண்டு வந்தாள். அவள் அப்போது காஞ்சிபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள்.

"பாதிப் பாட்டக் கத்துக்கினு போய் முழுப் பாட்டுன்னு பாடினா சிரிக்காம இன்னா பண்ணுவாங்க? மீதிப் பாட்டு எங்க வூட்ல கீதுடி."

எனக்கு விளங்கவில்லை. கையைப் பிடித்து அவர்கள் வீட்டுக்கு இழுத்துப் போனாள். ஷோகேஸில், பெரியம்மாவின் பீங்கான் பொம்மைகளுக்கு நடுவில், அந்த ஆம்ப்ளிஃபயர் இருந்தது. நூறு தரம் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு பொம்மை என்றுதான் எண்ணியிருந்தேன். கண்ணாடிக்குள் இரண்டு முட்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்தன. சுவரை ஒட்டி அவர்கள் பங்குப் பெட்டி. அதன் பக்கத்தில் பெரியப்பாவின் மர நாற்காலி. ஒரே பள்ளத்தில் இரண்டு பாட்டு இருக்கிறது, முள் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்கிறது, ஒன்று சிவப்பு வயரில் போகிறது, ஒன்று வெள்ளை வயரில் போகிறது என்று அக்கா சொன்னாள். அந்தக் காலத்தில் ஸ்டீரியோ புதுசு என்பதால், பதிவு செய்தவர்கள் ஆசைப்பட்டு வயலினை முழுக்க ஒரு பக்கமும் தபேலா, புல்லாங்குழலை எல்லாம் முழுக்க மறுபக்கமும் தள்ளிவிட்டார்களாம். பாடுகிறவள் மட்டும் இரண்டு பக்கத்திலும் இருக்கிறாள்.

நான் பெட்டியின் துணியில் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் உள்ளே அது இருக்கிறது என்று நம்பினேன். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து, என் பாட்டின் பாதி, பெரியம்மா வீட்டில், இந்தப் பெட்டிக்குள், வெளியே வராமல் காத்துக்கொண்டிருக்கிறது.

அந்த வாரமே இன்னொரு செய்தியும் வந்தது. பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருந்தான். அங்கேயே வீடு பார்த்துவிட்டான். எல்லோரும் அங்கே போகிறார்கள். கழனியை வாரத்துக்கு விட்டாகிவிட்டது. கிணற்றடியில் பெரியம்மா அம்மாவிடம், "ரெண்டு ரூம்தான் கீது அங்க. பெரிய சாமான் ஒன்னும் எடுத்துக்கினு போவ முடியாது. திங்கக்கெழம பழைய சாமான்காரன் வரான், எல்லாத்தையும் தள்ளிவுட வேண்டியதுதான்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். பெட்டியுமா என்று கேட்டேன். அதை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது என்றாள். திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது. அதற்குள் கேட்காவிட்டால் என் பாட்டின் மறுபாதி ஏதோ ஒரு தள்ளுவண்டியில் ஏறிப் போய்விடும். அப்புறம் நான் காலம் முழுக்க டொக்குதான்.

செட்டை ஒன்றாகச் சேர்த்து ஒரு தடவை பாட வைக்கலாமா என்று அன்று சாயங்காலம் நைனாவிடம் கேட்டேவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நம்ம பிளேயரு அந்த வூட்டுக்குப் போவாது. அவங்க ஆம்ப்ளிஃபயரு இந்த வூட்டுக்கு வராது. பெரியவங்க பிரிச்சுக் குடுத்தது குடுத்ததுதான்."

நான் தரையில் விழுந்து அழுதேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

"வயரப் பத்திப் பெரியவங்க ஒன்னும் சொல்லலியே."

நைனா அம்மாவைப் பார்த்தார். முறம் தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. "வயரு போனா போவட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அந்தப் பக்கம் அக்கா பேசினாள். பெரியப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லையாம். கொஞ்ச நேரம் கழித்து, "முள்ளு தேஞ்சு போயிருக்கும், பாத்து மெதுவா எறக்கச் சொல்லு" என்று மட்டும் சொன்னாராம். அக்கா வந்து அதை அப்படியே சொன்னாள். நைனா தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வயர் சுவர் ஏறியது. அக்கா காஞ்சிபுரத்திலிருந்து இரண்டு சுருள் வாங்கி வந்திருந்தாள். எங்கள் பிளேயரின் சிவப்பு, வெள்ளை இரண்டையும் சேர்த்து ஒன்று சுவருக்கு மேலாக அவர்கள் ஆம்ப்ளிஃபயருக்குப் போயிற்று. அங்கிருந்து இன்னொன்று அதே வழியில் எங்கள் பெட்டிக்குத் திரும்பி வந்தது. வெள்ளை வயரின் நுனியில் இருந்த பழைய டேப்பை நைனாவே பிரித்தார். பிசுபிசுத்துப் போயிருந்தது, விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஒரு சாமானும் அதனதன் வீட்டை விட்டு அசையவில்லை. இரண்டு பெட்டிகளையும் மட்டும் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்னாள் அக்கா.

"சவுண்டு மேல வரட்டும். ரெண்டுக்கும் நடுவுல ஒக்காந்தாதான் முழுசாக் கேக்கும்" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

"நடுவுல சொவருதானே கீது?" என்றேன் நான்.

"அப்ப சொவத்து மேல ஒக்காரு."

அறுவடை முடிந்த சமயம். நெல் மூட்டைகளைச் சுவரோரமாகத்தான் அடுக்கியிருந்தது. அம்மா வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் மூட்டை மூட்டையாக ஏறி, மேல் மூட்டையிலிருந்து சுவரின் உச்சிக்குத் தாவி, இந்த வீட்டில் ஒரு காலும் அந்த வீட்டில் ஒரு காலுமாகத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு மேல் கைக்கெட்டும் உயரத்தில் ஓடு. பூனை ஏற்கெனவே அங்கே இருந்தது. இடம் விட்டுத் தள்ளிப் படுத்தது.

இரண்டு வீடும் ஒரே நேரத்தில் தெரிவதை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். இந்தப் பக்கம் நைனாவின் ஈரத் தலை, அவர் கையில் சுற்றுகிற பட்டுத் துண்டு. அந்தப் பக்கம் ஷோகேஸ் முன்னால் அக்கா. அவள் சுவிட்சைப் போட்டதும், பீங்கான் பொம்மைகளுக்கு நடுவில் மஞ்சளாக விளக்கு எரிந்தது. செத்துக் கிடந்த இரண்டு முட்களும் ஒரு துள்ளுத் துள்ளின. இரண்டு பெட்டியிலிருந்தும் 'ம்' என்று ஒரே முனகல். நைனா தொண்டையைச் செருமினார். உடனே அந்தப் பக்கம் பெரியப்பா நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்துப் பெட்டியோரம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிற சத்தம்தான் அது. ஓ, இவர் நாற்காலியா என்று நினைத்துக்கொண்டேன்.

முள் இறங்கியது. வயலின்கள் எங்கள் வீட்டிலிருந்து எழுந்து வந்தன. அவை எனக்குத் தெரிந்தவைதான். ஆனால் பாட ஆரம்பித்தாளே, அவள் எங்கள் வீட்டிலிருந்து பாடவில்லை. பெரியப்பா வீட்டிலிருந்தும் பாடவில்லை. சுவரின் மேல், எனக்கு நேர் எதிரில், கையை நீட்டினால் தொடலாம் என்கிற இடத்தில் நின்று பாடினாள். அங்கே வெறும் காற்றும் ஓட்டின் இடுக்கு வழியாக விழுந்த ஒரு கீற்று வெயிலும்தான் இருந்தன. அவள் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. நான் கையை நீட்டியே பார்த்துவிட்டேன்.

இரண்டு வரி முடிந்தது. எட்டு எண்ண வேண்டிய இடம் வந்தது. பழக்கத்தில் என் விரல் மடங்கிவிட்டது. குனிந்து பார்த்தால், கீழே பெரியப்பாவின் விரலும் பெட்டியின் மரத்தின் மேல் மடங்கி எழுந்து நிற்கிறது. என் பாட்டுக்குள் இத்தனை காலம் டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருந்தது அவர்தான். எனக்கு டொக்கு என்று பெயர் வந்ததே இவரால்தானா என்று சுள்ளென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள நேரமில்லை. அதற்குள் தபேலா வந்துவிட்டது.

எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லை என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த இடம் முழுவதும் நிறைந்துவிட்டது. தபேலா உருண்டு வந்தது, அதன் முதுகில் ஏறிக்கொண்டு புல்லாங்குழல் வந்தது, மணி போல ஏதோ ஒன்று தூரத்தில் சிணுங்கியது. அத்தனையும் அந்த வீட்டிலிருந்து கிளம்பி, என் காலுக்கடியில் புரண்டு, எங்கள் வீட்டு வயலினில் போய் விழுந்தது. சுவர் அதிர்ந்தது. தொடை வழியாக அது எனக்குள் ஏறியது. அவள் இத்தனை காலமும் சும்மா நிற்கவில்லை. இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். ஷோகேஸில் முட்கள் இரண்டும் ஆளுக்கு ஒரு விதமாக ஆடின. ஒன்று வயலினுக்கு, ஒன்று தபேலாவுக்கு; அவள் பாடும்போது மட்டும் இரண்டும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தன. எனக்கு அழுகை வந்தது. எதற்கென்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இவ்வளவு பெரிதாக ஒன்று நம் வீட்டிலேயே இருந்ததா என்ற திகைப்பில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பெரியப்பாவின் விரல் மரத்தில் இறங்கவே இல்லை. மடக்கிய விரலை மெதுவாக விரித்து, உள்ளங்கையைப் பெட்டியின் மேல் அப்படியே வைத்துக்கொண்டார். நைனா ரெக்கார்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. முள் தேயும் என்று எப்போதும் பதறிக்கொண்டு தூக்குகிறவர், அன்றைக்குத் தூக்கவில்லை. வெறும் பள்ளத்தில் அது சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செருமல் வந்தது. நைனா முள்ளை எடுத்து மறுபடியும் முதலில் வைத்தார். அப்படி மூன்று தடவை. மூன்றாம் தடவை முடிந்ததும் இருவரும் பேசிக்கொள்வார்கள் என்று அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று எதிர்பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நைனா ரெக்கார்டைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

திங்கட்கிழமை பழைய சாமான்காரர் வந்து அவர்கள் வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் ஏற்றிப் போனார். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது அந்த வீட்டில் பூட்டு தொங்கியது. எங்கள் கூடத்தில் ஆம்ப்ளிஃபயரும் அந்தப் பெட்டியும் அவர்கள் பங்கு ரெக்கார்டுகளும் இருந்தன. நைனா கழனியில் இருந்த நேரம் பார்த்துப் பெரியப்பாவே தூக்கிக்கொண்டு வந்து நிலைப்படிக்கு உள்ளே வைத்துவிட்டுப் போனார் என்று அம்மா சொன்னாள். நைனா வந்து பார்த்தார். காலில் சேறு காயும் வரை அங்கேயே நின்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் திருவிழாதான். இரண்டு பெட்டியும் ஒரே கூடத்தில், ஒழுங்காக எங்களைப் பார்த்து நின்றன. எந்த இடத்தில் உட்கார்ந்தால் அவள் நடுவில் வந்து நின்று பாடுவாள் என்று கண்டுபிடித்துத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தேன். டொக்கு என்று கூப்பிட்டவர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கூட்டி வந்து வட்டத்தில் உட்கார வைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் பாட்டுக்காரி நின்ற இடத்தைக் கையால் துழாவிப் பார்த்தார்கள். பெரியப்பா வீட்டு ரெக்கார்டுகள் ஒவ்வொன்றும் புதையல். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றைப் பிரிப்போம். உலகத்தில் என்னைவிடக் கொடுத்து வைத்தவர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாலாவதோ ஐந்தாவதோ ஞாயிற்றுக்கிழமை. கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தெருவிலேயே என் பாட்டு கேட்டது. கேட்டதும் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. இரண்டு வரி. பிறகு வெறும் கரகரப்பு. மறுபடியும் இரண்டு வரி. உள்ளே ஓடினேன். நைனா ஒரு பெட்டியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். சுவரில் சாய்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எட்டு எண்ணும் இடம் வந்தது. கரகரப்பு மட்டும்தான். வேறு ஒன்றும் இல்லை. அந்த எட்டும் முடிகிற வரை அவர் மூச்சே விடவில்லை.

மேசைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வெள்ளை வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. பூனை இழுத்திருக்கும் என்று நினைத்தேன். நுனியில் புதிதாகக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. நகத்தால் சுரண்டி அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, வயரை அதன் இடத்தில் அழுத்திச் செருகினேன். தபேலா கூடம் முழுக்கப் பொழிந்தது. நைனா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"வயரு கழண்டுகினு இருந்துச்சு நைனா. நான் மாட்டிட்டேன்."

நான் பிரித்துப் போட்டிருந்த டேப்பைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி என் தலையைத் தடவினார். "நல்ல வேல பண்ணே" என்றார்.

அவர் அப்படிப் பாராட்டுகிறவர் இல்லை. அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.